ராட்சத மரங்களின் காட்டில் தனிப் பயணம்: வாசகர் கேள்வி – பதில்

கலிஃபோர்னியாவின் செக்வோயா, ரெட்வுட் காடுகளுக்குத் தனியாகக் காரோட்டிப் போய், கூடாரம் அடித்துத் தங்கி, நடந்து பார்க்க விரும்பும் வாசகர்களிடமிருந்து கேள்விகள் வந்துள்ளன. ஒரே மாதிரியானவற்றை ஒன்றாக்கிப் பதில் தருகிறோம். அங்குள்ள சாலைப் பலகைகளும் வரைபடங்களும் மைலிலும் அடியிலும்தான் இருக்கும். அதனால் தூரங்களை அப்படியே கொடுத்திருக்கிறோம்.

கேள்வி: செக்வோயா, ரெட்வுட் இரண்டும் ஒரே மரம்தானே? ஒரு வாரத்தில் இரண்டு காடுகளையும் பார்த்துவிட முடியுமா?

பதில்: நெருங்கிய உறவுள்ள இரண்டு வேறு மரங்கள். கடலோர ரெட்வுட் உயரத்தில் முதலிடம். 2006-ல் கண்டறியப்பட்ட ‘ஹைப்பீரியன்’ சுமார் 380 அடி. பசிபிக் கரையை ஒட்டி, மூடுபனி எட்டும் ஒடுங்கிய பட்டையில் மட்டுமே இது வளரும். ராட்சத செக்வோயா பருமனில் முதலிடம். ‘ஜெனரல் ஷெர்மன்’ மரத்தின் உயரம் 275 அடிதான், ஆனால் அடிச் சுற்றளவு 102 அடிக்கு மேல், தண்டின் கன அளவு சுமார் 52,500 கன அடி. இது சியரா நெவாடா மலைத்தொடரின் மேற்குச் சரிவில், பெரும்பாலும் 5,000 முதல் 7,000 அடி உயரத்தில் வளர்கிறது.

இரண்டு காடுகளுக்கும் இடையே நல்ல தூரம். சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து செக்வோயா தேசியப் பூங்காவுக்குத் தென்கிழக்கே ஏறக்குறைய 5 மணி நேரம். ரெட்வுட் பூங்காவின் வடகோடியான கிரசென்ட் சிட்டிக்கு 101-ஆம் எண் நெடுஞ்சாலையில் வடக்கே சுமார் 350 மைல், நிறுத்தங்களோடு 7 மணி நேரம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஒரே மூச்சில் ஓட்டினால் 11 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஓட்டுநரை மாற்ற ஆளில்லாதவர் இதைச் செய்யக் கூடாது.

ஒரு வாரம்தான் விடுப்பு என்றால் ஒரு காட்டைத் தேர்ந்தெடுங்கள். பத்து நாள் கிடைத்தால் இரண்டும் சாத்தியம். முதல் நாள் பொருள் வாங்க, மூன்று இரவு செக்வோயாவின் லாட்ஜ்போல் கேம்ப்கிரவுண்டில் (கூடாரம் அடிக்கும் முகாம் திடல்), ஒரு இரவு வழியில் ஏதாவது ஊரில் கட்டிலில் (இதைத் தவிர்க்காதீர்கள்), ஒரு இரவு ஹம்போல்ட் ரெட்வுட்ஸ் மாநிலப் பூங்காவில், மூன்று இரவு எல்க் ப்ரெய்ரி அல்லது ஜெடடையா ஸ்மித் கேம்ப்கிரவுண்டில், கடைசி நாள் திரும்புதல். ஹம்போல்ட்டில் ‘அவென்யூ ஆஃப் தி ஜயன்ட்ஸ்’ என்ற 31 மைல் பழைய சாலையில் போங்கள். அதற்கு இணையாகப் போகும் 101-ல் விரைந்துவிட்டால் மரங்களைத் தவறவிடுவீர்கள்.

கேள்வி: எந்த மாதம் நல்லது?

பதில்: செப்டம்பர் பிற்பாதி. கூட்டம் குறைந்திருக்கும், கடலோர மூடுபனி விலகத் தொடங்கும், மலையில் பனி இராது. ஒரு குறை, அது காட்டுத்தீப் பருவமும்கூட. கிளம்பும் நாளன்று பூங்கா இணையதளத்தில் சாலை மூடல்களையும் புகை நிலவரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஜூன் இரண்டாவது தேர்வு. மலையில் அக்டோபருக்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் பனி விழலாம், டயர்ச் சங்கிலி (பனியில் வழுக்காமல் இருக்க டயரில் மாட்டுவது) கட்டாயமாக்கப்படலாம். கடலோரத்தில் ஆண்டுக்கு 60 முதல் 80 அங்குலம் மழை, அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் ஏப்ரல் வரை.

கேள்வி: தங்குமிடம் எப்படிப் பதிவு செய்வது? தனி ஆளுக்குக் கட்டணம் குறையுமா? இடம் கிடைக்காவிட்டால் காரிலேயே தூங்கிவிடலாமா?

பதில்: குறையாது. இடத்துக்குத்தான் கட்டணம், ஆளுக்கு அல்ல. செக்வோயா, அதை ஒட்டிய கிங்ஸ் கேன்யன் பூங்காக்களின் இடங்கள் ரிக்ரியேஷன்.கவ் தளத்தில். ரெட்வுட் பகுதியின் நான்கு கேம்ப்கிரவுண்டுகளான ஜெடடையா ஸ்மித், மில் க்ரீக், எல்க் ப்ரெய்ரி, கோல்ட் ப்ளஃப்ஸ் பீச் ஆகியவை ரிசர்வ் கலிஃபோர்னியா தளத்தில். இவற்றில் ஓரிரவுக்கு 35 டாலர் அளவில் ஆகும். ரிசர்வ் கலிஃபோர்னியாவில் ஆறு மாதம் முன்பே பதிவு திறக்கும், கோடை வார இறுதிகள் திறந்த அன்றே தீரும். ஞாயிறு முதல் வியாழன் வரையிலான இரவுகளைத் தேடுங்கள். தனியாகப் போகிறவருக்கு நாளை மாற்றிக்கொள்வது எளிது, ரத்தாகும் இடங்களும் ஒற்றை இரவுகளாகத்தான் வரும்.

பூங்காவுக்குள் சாலையோரத்திலோ வாகன நிறுத்தத்திலோ காரில் தூங்க அனுமதி இல்லை. பூங்காக் காவலரான ரேஞ்சர் தட்டி எழுப்புவார், அபராதமும் வரும். பூங்காவை ஒட்டிய தேசிய வனங்களில், குறிப்பாக ஜயன்ட் செக்வோயா தேசிய நினைவுச்சின்னப் பகுதியில், கேம்ப்கிரவுண்டுக்கு வெளியேயும் அனுமதிக்கப்பட்ட இடங்களில் இலவசமாகத் தங்கலாம். அங்கே கேஸ் அடுப்பு பற்றவைக்கக்கூட கலிஃபோர்னியா கேம்ப்ஃபயர் அனுமதிச் சீட்டு வேண்டும். இணையத்தில் சிறு தேர்வு எழுதினால் கட்டணமின்றிக் கிடைக்கும். ஆனால் முதல் தனிப் பயணத்துக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டோம். பக்கத்தில் நாலு கூடாரம் இருக்கும் இடமே நல்லது.

செக்வோயாவின் நுழைவுக் கட்டணம் காருக்கு 35 டாலர், ஏழு நாள் செல்லும். அமெரிக்காவில் வசிக்காதவர்களுக்கு 2026 தொடக்கத்திலிருந்து இந்தப் பூங்கா உட்பட 11 பூங்காக்களில் ஆளுக்கு 100 டாலர் கூடுதல் கட்டணம் உண்டு. ஊரிலிருந்து போகிறவர்கள் இதைக் கணக்கில் வையுங்கள். ரெட்வுட் தேசியப் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணமே இல்லை.

கேள்வி: மலைச்சாலையில் தனியாக ஓட்டப் பயமாக இருக்கிறது. வாடகைக் கார் எடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: சிறிய கார் போதும், நான்கு சக்கர இயக்கம் தேவையில்லை. ஒப்பந்தத்தில் இரண்டு வரிகளைத் தேடிப் படியுங்கள். ஒன்று, தார் போடாத சாலையில் ஓட்டத் தடை உள்ளதா என்பது. பெரும்பாலானவற்றில் இருக்கும். ரெட்வுட் காட்டின் மிக அழகான ஹவ்லண்ட் ஹில் சாலை மண்சாலை. அதில் குழியில் இறங்கி அடித்தட்டு உடைந்தால் காப்பீடு கைவிரித்துவிடும். அப்படித் தடை இருந்தால் அந்தச் சாலையோரத்து ஸ்டவுட் தோப்புக்குக் கோடையில் ஜெடடையா ஸ்மித் கேம்ப்கிரவுண்டிலிருந்து ஆற்றின் தற்காலிக நடைபாலத்தைக் கடந்து போகலாம். இரண்டாவது, டயர்ச் சங்கிலி மாட்டத் தடை உள்ளதா என்பது. குளிர்காலத்தில் இதுவே பயணத்தைத் தீர்மானிக்கும்.

செக்வோயாவின் தெற்கு நுழைவாயில் 1,700 அடியில். அங்கிருந்து ஜயன்ட் ஃபாரஸ்ட் வரை ஏறக்குறைய 17 மைலில் 6,400 அடிக்கு ஏறுகிறது ஜெனரல்ஸ் நெடுஞ்சாலை. நூற்றுக்கும் மேற்பட்ட வளைவுகள். 22 அடிக்கு மேல் நீளமான வண்டிகளை இந்தப் பகுதியில் ஓட்ட வேண்டாம் என்று பூங்காவே சொல்கிறது. ஏறுவது பிரச்சினை அல்ல, இறங்குவதுதான். ஆட்டோமேட்டிக் காரை டி-யிலேயே வைத்து பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கினால் பிரேக் பட்டைகள் சூடாகிப் பிடிப்பு குறையும். கருகிய வாடை வருகிறது என்றால் அதற்கு முன்பே நீங்கள் ஒதுங்கியிருக்க வேண்டும். இறக்கம் தொடங்குமுன் எல், 2 அல்லது எஸ் கியருக்கு மாற்றுங்கள். ஹைபிரிட் காரில் ‘B’ (நிறுத்தும்போது போடும் ‘P’ அல்ல). வேகத்தை எஞ்சின் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை விட்டு விட்டுத் தொடுங்கள், தொடர்ந்து மிதிக்காதீர்கள். வாடை வந்துவிட்டால் ஒதுங்கி 20–30 நிமிடம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது.

மெதுவாக ஓட்டுவதில் வெட்கம் வேண்டாம். ஆனால் முந்த வழியில்லாத இருவழிச் சாலையில் உங்கள் பின்னால் ஐந்து வண்டிகள் சேர்ந்துவிட்டால், ஒதுங்க இடம் வந்ததும் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்பது கலிஃபோர்னியாவின் சட்டம். இருட்டுமுன் கேம்ப்கிரவுண்டை அடையும்படி திட்டமிடுங்கள். அந்தி நேரத்தில்தான் மான்கள் சாலையைக் கடக்கும்.

செக்வோயா பூங்கா எல்லைக்குள் பெட்ரோல் பங்க் கிடையாது. விசாலியாவிலோ த்ரீ ரிவர்ஸிலோ டேங்க்கை நிரப்பிவிடுங்கள். செல்போன் சிக்னலும் பெரும்பாலான இடங்களில் இல்லை. வரைபடத்தை முன்கூட்டியே இறக்கிக்கொள்வதோடு, நுழைவாயிலில் தரும் தாள் வரைபடத்தையும் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: ரெட்வுட் காட்டில் முகாமிட்டபோது மழையே இல்லை. ஆனாலும் காலையில் கூடாரத்தின் உட்புறமும் ஸ்லீப்பிங் பேகும் நனைந்திருந்தன. கூடாரம் ஒழுகுகிறதா?

பதில்: ஒழுக்கு இல்லை, உங்கள் மூச்சுதான். தூங்கும் ஒருவரின் மூச்சிலும் வியர்வையிலும் ஓரிரவில் சில நூறு மில்லி நீர் ஆவியாக வெளியேறுகிறது. கடலோரக் காட்டில் காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்திருக்கிறது, அதனால் அந்த ஆவி போக இடமின்றிக் குளிர்ந்த துணியில் படிகிறது. குளிருக்குப் பயந்து ஜன்னல்களை மூடியிருப்பீர்கள். அங்கேதான் தவறு. மேல்விரிப்பின் (கூடாரத்தின் மேல் போடும் மழைத்துணி) காற்றுத்துளைகளையும் கதவின் மேற்பகுதியில் ஒரு கையகலத்தையும் திறந்தே வையுங்கள். மேல்விரிப்பை இழுத்துக் கட்டினால் உள்துணியைத் தொடாது. தொட்டால் ஈரம் உள்ளே இறங்கும். ஈரத் துணியை உள்ளே உலர்த்தாதீர்கள். ஓடைக்கரைப் பள்ளத்தைவிட சற்று மேடான இடம் உலர்வாக இருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. மூடுபனி ரெட்வுட் இலைகளில் படிந்து இரவெல்லாம் சொட்டும். மழையற்ற கோடையில் மரங்கள் தாக்குப்பிடிக்க அந்த நீர் பெரிதும் உதவுகிறது. ஆகவே வானம் தெளிவாக இருந்தாலும் மேல்விரிப்பைப் போடாமல் தூங்க வேண்டாம். கூடாரத்துக்கு அடியில் போடும் விரிப்பு கூடாரத் தரையைவிட எல்லாப் பக்கமும் ஓரிரு அங்குலம் சிறியதாக இருக்கட்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் சொட்டும் நீரைப் பிடித்து அடியில் தேக்கிவிடும்.

ஸ்லீப்பிங் பேக் வாங்கும்போது கடலோரத்துக்கு செயற்கை இழை நிரப்பியதை எடுங்கள். வாத்து இறகு நனைந்தால் கட்டிபிடித்துச் சூட்டை இழந்துவிடும். சுமார் 6,700 அடியிலுள்ள லாட்ஜ்போலில் கோடையிலும் இரவு நன்றாகக் குளிரும். ‘கம்ஃபர்ட்’ அளவு (வசதியாகத் தூங்கக்கூடிய வெப்பநிலை) 0 டிகிரி செல்சியஸ் எனக் குறித்ததே தேவை. எப்படியோ தாங்கக்கூடிய எல்லையைக் காட்டும் ‘லிமிட்’ அளவைப் பார்த்து வாங்கி ஏமாறாதீர்கள். குளிர் தரையிலிருந்தும் ஏறுவதால் அடிமெத்தையின் ஆர்-மதிப்பு (குளிரைத் தடுக்கும் திறனின் அளவு) 3-க்குக் குறையாமல் இருக்கட்டும்.

கூடாரம் அடிக்குமுன் தலையைத் தூக்கிப் பாருங்கள். முறிந்து தொங்கும் கிளையோ, பட்ட மரமோ மேலே இருந்தால் அந்த இடம் வேண்டாம். இந்த மரங்களில் ஒரு கிளையே ஒரு சாதாரண மரத்தின் பருமன் இருக்கும்.

கேள்வி: சமையலுக்கு எவ்வளவு கேஸ்?

பதில்: 230 கிராம் உருளை ஒன்று சுமார் 12 லிட்டர் நீரைக் கொதிக்க வைக்கும். ஒருவருக்கு, நீர் கொதிக்க வைத்துக் கலக்கும் உணவுகளாக இருந்தால் நான்கைந்து நாள் வரும். சோறு வடித்துப் பருப்பு வேகவைப்பதாக இருந்தால் இரண்டு உருளை. விமானத்தில் கைப்பையிலும் சரி, பெட்டியிலும் சரி, கேஸ் உருளைக்கு அனுமதி இல்லை. இறங்கிய ஊரிலேயே வாங்குங்கள். எவ்வளவு குளிரடித்தாலும் கூடாரத்துக்குள் அடுப்புப் பற்றவைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது. விறகை வெளியூரிலிருந்து கொண்டுபோக வேண்டாம். அதனுள் இருக்கும் பூச்சிகளும் பூஞ்சைகளும் காட்டுக்குள் பரவும்.

கேள்வி: கரடி வந்தால் என்ன செய்வது? தனியாக இருக்கும் பெண்ணுக்கு இந்தப் பயணம் பாதுகாப்பானதா?

பதில்: கலிஃபோர்னியாவில் இன்று இருப்பது கருங்கரடி மட்டுமே. பெயர் அப்படியே தவிர, பழுப்பு நிறத்தில்தான் அதிகம் காண்பீர்கள். அதற்கு வேண்டியது உங்கள் உணவு. ஆகவே கரடிப் பாதுகாப்பு என்பது உணவுப் பாதுகாப்பு. ஒவ்வொரு முகாம் இடத்திலும் தாழ்ப்பாளுடன் கூடிய இரும்புப் பெட்டி இருக்கும். சாப்பாடு, டப்பாவில் அடைத்தவை, பற்பசை, சோப்பு, சன்ஸ்கிரீன், உதட்டுத் தைலம், குப்பை எல்லாம் அதற்குள். காரின் டிக்கியிலோ கூடாரத்திலோ எதுவும் கூடாது. சமைத்துக்கொண்டிருக்கும் நேரம் தவிர பெட்டி தாழிட்டே இருக்கட்டும். தாழ்ப்பாள் முழுக்க விழுந்ததா என்று இழுத்துப் பாருங்கள். மனிதச் சோற்றுக்குப் பழகிய கரடியைக் கடைசியில் கொல்ல நேர்கிறது. ஒரு பொட்டலம் சிப்ஸில் தொடங்கும் விஷயம் இது.

எதிர்ப்பட்டால் ஓடாதீர்கள். நிமிர்ந்து, கைகளை விரித்து, உரக்கக் கத்துங்கள். உணவை எடுத்துவிட்டால் பிடுங்க முயலாதீர்கள். ரெட்வுட் பகுதியில் பெரிய எல்க் மான்களைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். சாதுவாக மேயும், ஆனால் குட்டி போடும் மே – ஜூனிலும் இணைசேரும் செப்டம்பர் – அக்டோபரிலும் பாய்ந்து முட்டும். 25 கெஜமாவது தள்ளி நில்லுங்கள். செக்வோயா பூங்காவின் மினரல் கிங் பள்ளத்தாக்குப் பக்கம் போகிறவர்களுக்கு ஒன்று: அங்குள்ள மர்மட் என்னும் பெரிய கொறிக்கும் பிராணி, கோடைத் தொடக்கத்தில் காருக்கு அடியில் புகுந்து ரேடியேட்டர் குழாயையும் வயரையும் கடித்துவிடும். காரைச் சுற்றித் தார்ப்பாய் கட்டியிருப்பதைப் பார்த்தால் காரணம் இதுதான்.

ஆனால் கரடியும் மர்மட்டும் கேள்விகளில் இடம் பிடிக்கும் அளவுக்கு ஆற்று நீர் இடம் பிடிப்பதில்லை. செக்வோயா – கிங்ஸ் கேன்யன் பூங்காக்களில் உயிரிழப்புக்கு முதன்மையான காரணம் நீரில் மூழ்குவதே. மே முதல் ஜூலை வரை உருகும் பனியால் கவேயா ஆறு குளிர்ந்து, வேகமாக, வழுக்கும் பாறைகளோடு ஓடும். நீந்தத் தெரிந்தவரும் சில நிமிடங்களில் கைகால் விறைத்துப்போவார். தனியாக இருக்கும்போது கால் நனைக்கக்கூடப் பாறையில் இறங்க வேண்டாம். கோல்ட் ப்ளஃப்ஸ் கடற்கரையில் முதுகை அலைக்குக் காட்டாதீர்கள். எதிர்பாராத பேரலை ஈரமற்ற மணல்வரை ஏறி இழுத்துவிடும்.

பெண்கள் பலர் இங்கே தனியாக முகாமிடுகிறார்கள். கழிப்பறைக்கும் குடும்பங்கள் தங்கும் இடத்துக்கும் அருகே, பாதையிலிருந்து பார்வை படும் இடத்தைப் பதிவு செய்யுங்கள். எங்கே தங்குகிறீர்கள் என்பதை வழியில் சந்திப்பவரிடம் சொல்ல வேண்டியதில்லை. சமூக வலைத்தளப் படங்களை அந்த இடத்தைவிட்டுக் கிளம்பிய பிறகு போடுங்கள். கார்ச் சாவியைத் தூங்கும்போது கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள், அதன் அலாரம் பொத்தான் ஆபத்தில் விசிலைப் போல உதவும்.

ஆண், பெண் இருவருக்குமே முக்கியமானது, வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுக்கும் திட்டம்: காரின் நிறம், எண், எந்த இரவு எந்த இடம், இன்று எந்தப் பாதை, எத்தனை மணிக்குள் தகவல் வரும், வராவிட்டால் எத்தனை மணிக்கு எந்த எண்ணை அழைக்க வேண்டும். கடைசி வரி இல்லாத திட்டத்தால் பயனில்லை. செயற்கைக்கோள் வழி செய்தி அனுப்பும் கருவியோ செல்போனோ இருந்தாலும் அதற்குத் திறந்த வானம் வேண்டும். அடர்ந்த ரெட்வுட் கூரையின் கீழ் செய்தி போகப் பல நிமிடம் ஆகலாம், போகாமலும் இருக்கலாம். புல்வெளிக்கோ ஆற்றங்கரைக்கு மேலான திறப்புக்கோ வந்து அனுப்புங்கள்.

கேள்வி: நடப்பதற்கு எந்தப் பாதைகள்? ஹைப்பீரியன் மரத்தைப் பார்க்க முடியுமா?

பதில்: ஹைப்பீரியனுக்குப் போகாதீர்கள். பாதையே கிடையாது. ஆட்கள் மிதித்து அடிமண் இறுகி, சுற்றியிருந்த பெரணிகள் அழிந்ததால் 2022-ல் அந்தப் பகுதியை மூடினார்கள். மீறினால் 5,000 டாலர் வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும். தரையில் நின்று பார்த்தால் அதன் உச்சியும் தெரியாது. ரெட்வுட்டின் வேர்கள் ஆழமாக இறங்குவதில்லை, பக்கவாட்டில்தான் வெகுதூரம் பரவும். செக்வோயாவும் அப்படியே. ஜயன்ட் ஃபாரஸ்டில் மரங்களின் வேர்மேல் நின்றிருந்த 282 கட்டடங்களை 1990களின் இறுதியில் இடித்து அகற்றியதன் காரணம் அதுதான். பாதையைவிட்டு இறங்காதீர்கள் என்ற பலகையை மரத்தின் கோணத்திலிருந்து படியுங்கள்.

செக்வோயாவில் ஷெர்மன் மரத்தோடு நிற்காமல் காங்கிரஸ் பாதையில் நடங்கள், சுமார் 3 மைல். கூட்டம் முதல் கால் மைலிலேயே கரைந்துவிடும். வாகன நிறுத்தத்திலிருந்து ஷெர்மனுக்கு இறக்கம், திரும்புவது ஏற்றம். 7,000 அடியில் மூச்சு வாங்கும். முதல் நாள் மெதுவாக நடந்து, நிறையத் தண்ணீர் குடியுங்கள். மோரோ பாறையின் 350-க்கும் மேற்பட்ட படிகளைக் காலையிலேயே ஏறி இறங்கிவிடுங்கள். கோடைப் பிற்பகலில் இடி கேட்டால் ஏறவே கூடாது.

ரெட்வுட்டில் முதலில் ஸ்டவுட் தோப்பு, மாலை வெயில் சாய்வாக நுழையும் நேரத்தில். நீண்ட நடைக்கு பாய் ஸ்கவுட் ட்ரீ பாதை, போய்வர ஐந்தரை மைல் அளவு. டால் ட்ரீஸ் தோப்புக்கு இலவச அனுமதிச் சீட்டை முன்கூட்டியே வாங்கினால்தான் வாயிற்கதவுப் பூட்டைத் திறக்கும் எண் கிடைக்கும். ஃபெர்ன் கேன்யனுக்கு மே 15 முதல் செப்டம்பர் 15 வரை வாகன நிறுத்த அனுமதி வேண்டும். அங்கே ஓடைக்குள் நடக்க நேரும் என்பதால் மாற்றுக் காலுறை எடுத்துக்கொள்ளுங்கள்.

நேரக் கணக்கு: மணிக்கு 2 மைல், அத்துடன் ஒவ்வொரு 1,000 அடி ஏற்றத்துக்கும் அரை மணி. புறப்பட்டு, கையிலிருக்கும் பகல் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்ததும் எங்கிருந்தாலும் திரும்பிவிடுங்கள். அடர் காட்டில் சூரியன் மறைய ஒரு மணி நேரம் முன்பே இருட்டத் தொடங்கும். நெற்றி விளக்கு பகல் நடைக்கும் பையில் இருக்கட்டும். மூன்று மூன்று இலைகளாக இருக்கும் செடி எதையும் தொடாதீர்கள். விஷ ஓக் என்றால் இரண்டு வாரம் அரிக்கும். பாதையில் தின்னும்போது ஒரு பருக்கையும் சிந்த வேண்டாம். சிந்திய தீனிக்கு வரும் காக்கையும் ஜே பறவையும், உயரக் கிளைகளில் கூடுகட்டும் மார்பிள்ட் மர்லெட் என்ற அழிந்துவரும் கடற்பறவையின் முட்டைகளைத் தின்றுவிடுகின்றன.

கேள்வி: செக்வோயா காட்டில் எரிந்து கருகிய மரங்களைப் பார்த்தோம். தீ இந்த மரங்களுக்கு நல்லது என்று படித்திருக்கிறோமே?

பதில்: மிதமான தீ நல்லது. செக்வோயாவின் காய்கள் தீயின் சூட்டில் காய்ந்து விரிந்து, ஓட் அவல் அளவே உள்ள விதைகளை உதிர்க்கும். அவை முளைக்கச் சருகற்ற வெறும் மண்ணும் வெயிலும் வேண்டும். இரண்டடி வரை தடித்த பட்டை மரத்தைக் காக்கும். ஆனால் நூறாண்டு காலம் சிறு தீக்களையெல்லாம் அணைத்து அணைத்து எரிபொருள் குவிந்துவிட்டது. வறட்சியும் சேர்ந்தபோது தீ உச்சிவரை ஏறியது. 2020-ன் கேசில் தீயில் மட்டும் உலகின் பெரிய செக்வோயாக்களில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் மடிந்ததாக மதிப்பிட்டுள்ளனர். 2021-ல் ஷெர்மன் மரத்தின் அடியைத் தீத்தடுப்புப் படலத்தால் சுற்றிக் காத்தார்கள். பல பத்தாண்டுகளாகத் திட்டமிட்டு மூட்டிவந்த சிறு தீக்களும் ஜயன்ட் ஃபாரஸ்டைக் காத்ததில் பங்கு வகித்தன. எரிந்த பகுதியில் நடக்கும்போது காற்று பலமாக இருந்தால் திரும்பிவிடுங்கள். வேர் எரிந்த மரம் சத்தமின்றிச் சாயும், நிலத்தடியில் வெந்த வேர்க்குழியில் கால் புதையும்.

கேள்வி: மரத்துக்குள் கார் ஓட்டும் படம் எங்கே எடுப்பது?

பதில்: பழைய படங்களில் வரும் யோசெமிட்டியின் வவோனா மரம் 1969-ல் சாய்ந்துவிட்டது. இன்று செக்வோயா பூங்காவில் இருப்பது 1937-ல் விழுந்த மரத்தைக் குடைந்த ‘டனல் லாக்’. அகலம் 17 அடி, உயரம் 8 அடி, எந்தக் காரும் போகும். அந்தச் சாலை குளிர்காலத்தில் மூடப்படும். நின்றிருக்கும் மரத்துக்குள் போக வேண்டுமானால் லெகெட் ஊரில் தனியார் பூங்காவிலுள்ள ‘ஷாண்டலியர்’ ரெட்வுட், கட்டணம் உண்டு. துளையின் அகலம் 6 அடி, உயரம் 6 அடி 9 அங்குலம்தான். பக்கக் கண்ணாடிகளை மடக்கினால் சிறிய கார் நுழையும். அகலமான எஸ்யூவி என்றால் வெளியே நிறுத்திவிட்டு நடந்து போங்கள். வாடகைக் காரின் கதவில் விழும் கீறலுக்கு நீங்கள்தான் பணம் கட்ட வேண்டும்.